யார் பிள்ளை அழுகிறது?

நாத்தனாரிடமிருந்து போன் வந்தால் அது பெரும்பாலும் குரங்கு விஷயமாகத்தான் இருக்கும். காட்டு விலங்குகளுக்கென்று நடக்கும் ஒரு சின்ன மருத்துவமனையில் அவள் டாக்டர். ஆந்தை, முள்ளம்பன்றி, மான்குட்டி என்று அடிபட்டு எது வந்தாலும் பார்ப்பாள்; மனசு மட்டும் குரங்குகளிடம்தான். கூடப்பிறந்த அண்ணனே அவளைக் ‘குரங்கம்மா’ என்றுதான் கூப்பிடுவான். அந்த அண்ணனைக் கட்டிக்கொண்டவளுக்கு நடந்ததுதான் இந்தக் கதை. நாத்தனார் வாய்க்கு வாய் அண்ணி அண்ணி என்று அழைப்பதைக் கேட்டுக் கேட்டு, அந்த மருத்துவமனையில் டிரைவரிலிருந்து கூண்டு கழுவுகிறவர் வரைக்கும் எல்லோருக்கும் அவள் அண்ணியாகிவிட்டாள். நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

அண்ணிக்கு வேலை குழந்தைகளின் காதோடு. குழந்தைகள் ஆஸ்பத்திரியின் பின்கட்டில், கனத்த கதவும் சுவரெல்லாம் பஞ்சுப் பலகையும் வைத்த அறையில், அம்மா மடியில் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்குப் பக்கவாட்டிலிருந்து சத்தம் கொடுப்பாள். குழந்தை திரும்புகிறதா, திரும்பவில்லையா, அவ்வளவுதான் கேள்வி. கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் சில குழந்தைகள் பலே கில்லாடிகள். காது துளியும் கேட்காது. அம்மாவின் முகம் லேசாக மாறுவதைப் பார்த்துவிட்டுச் சரியான பக்கம் திரும்பிவிடும். அதனால் அம்மாக்களிடம் அவள் முதலில் சொல்வதே, “கல்லு மாதிரி உக்காருங்க. கண்ணைக் கூட அசைக்காதீங்க” என்பதுதான். சொன்னாலும் எந்த அம்மாவும் கல் மாதிரி உட்கார்ந்ததில்லை என்பது வேறு விஷயம்.

“அண்ணி, உங்க ரூம்ல ஒரு ஸ்பீக்கர் இருக்கே, அதை ஒரு நாளைக்குத் தர முடியுமா?” என்றாள் நாத்தனார் போனில்.

“எதுக்கு? கச்சேரியா?”

“குட்டிக் குரங்கு ஒண்ணு வந்திருக்கு. அதோட அம்மாவைக் கண்டுபிடிக்கணும்.”

நீர்த்தேக்கத்தை ஒட்டிய காட்டுச் சாலையில், ஓரத்துக் கால்வாய்க்குள் அந்தக் குட்டி கிடந்திருக்கிறது. சைக்கிளில் போன யாரோ துணியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். காலில் வெட்டு, உடம்பில் காய்ச்சல். காயம் ஆறி வருகிறது, காய்ச்சல் மட்டும் வருவதும் போவதுமாக இருந்தது. ஊசி போடும்போதெல்லாம் காதைக் கிழிக்கிற மாதிரி வீறிட்டதால் டிரைவர் அதற்கு ‘விசில்’ என்று பெயர் வைத்துவிட்டார். சாலையின் இந்தப் பக்கக் காட்டில் ஒரு கூட்டம், அந்தப் பக்கக் காட்டில் ஒரு கூட்டம். விசில் எந்தக் கூட்டத்துப் பிள்ளை, யாருக்குப் பிறந்தது என்று தெரியவில்லை. தவறான கூட்டத்தில் கொண்டுபோய் விட்டால் கடித்துக் குதறிவிடும். அதனால் விசிலின் அலறலைப் பதிவு செய்து, இரண்டு கூட்டத்துக்கும் போட்டுக் காட்டி, எந்தத் தாய் ஓடி வருகிறாள் என்று பார்க்க நாத்தனார் திட்டம் போட்டிருந்தாள்.

“போன்ல போட்டா தகர டப்பாவைத் தட்டுற மாதிரி கேக்குது அண்ணி. அவ்வளவு கீச்சுக் குரலைத் தெளிவாக் கொடுக்க உங்க ஸ்பீக்கரால மட்டும்தான் முடியும்.”

“ஸ்பீக்கர் வரும். நான் வரணுமா?”

“அதை வேற யாருக்கு இயக்கத் தெரியும்?”

அண்ணி பெருமூச்சு விட்டாள். கல்யாணமான புதிதில் சுற்றுலா போன இடத்தில் ஒரு குரங்கு அவள் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டு மரத்தில் ஏறியதோடு நிற்காமல், அதை மாட்டியும் பார்த்தது. அன்றிலிருந்து குரங்கென்றால் அவளுக்குக் குலை நடுக்கம். புருஷன் இந்தக் கதையைச் சொல்லாத விருந்தாளி கிடையாது.

ஜீப்பை விட்டு இறங்கவே மாட்டேன் என்ற நிபந்தனையோடுதான் கிளம்பினாள். போகிற வழியில் நாத்தனார் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தாள்.

“ஆராய்ச்சிக்கூடத்துல குரங்குகளுக்கு ஒரு பரீட்சை வெப்பாங்க அண்ணி. ஒரு படத்தைக் காட்டி, கொஞ்ச நேரம் கழிச்சு இன்னொண்ணைக் காட்டி, அதே படமா வேறயான்னு கேட்டா டக்குனு சொல்லிடும். ஆனா ஏதோ ஒரு சத்தத்தைப் போட்டு அதே மாதிரி கேட்டா தடுமாறும். அரை நிமிஷம்கூட நினைவுல நிக்காது.”

“அப்ப உன் திட்டம் ஊத்திக்கிட்டுதா?”

“அதுதான் இல்ல. அது யாருக்கும் வேண்டாத சத்தம். கூடப் பழகுற ஆளோட குரல்னா கதையே வேற. நம்ம மூளையில காதுக்கு மேல, நெத்திப்பொட்டுக்குப் பக்கத்துல, குரலுக்குன்னே ஒரு இடம் இருக்கில்லையா? கதவு சத்தத்துக்குச் சும்மா கிடக்கும், மனுஷக் குரல் கேட்டா முழிச்சுக்கும். குரங்குக்கும் அதே மாதிரி இருக்கு. அதுங்க இனத்துக் குரலுக்குத்தான் அது முழிக்கும். யார் குரல்ங்கிறதுகூட அங்க பதிஞ்சிருக்கும்.”

“அதனால பெத்தவ வந்துடுவாங்கிற.”

“விழுந்தடிச்சு ஓடி வருவா பாருங்க.”

யாரும் ஓடி வரவில்லை.

இந்தப் பக்கக் கூட்டம் முதலில். ஸ்பீக்கரைப் புதருக்குள் மறைத்து வைத்துவிட்டு டிரைவர் ஜீப்புக்குத் திரும்பினார். அண்ணி கையிலிருந்த ரிமோட்டை அழுத்தியதும் விசிலின் அலறல் காட்டுக்குள் பாய்ந்தது. குரங்குகள் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தன. யார் வீட்டுச் சண்டையோ என்பதுபோல மறுபடி பேன் பார்க்க உட்கார்ந்துவிட்டன. அந்தப் பக்கக் கூட்டம் தண்ணீர் ஏற்றும் மோட்டார் அறையைச் சுற்றி இருந்தது. அலறல் கேட்டதும் அங்கே கொஞ்சம் சலசலப்பு. தலைகள் திரும்பின. ஒன்றிரண்டு எழுந்து நின்றன. ஆனாலும் புதர்ப் பக்கம் எதுவும் நெருங்கவில்லை. கொஞ்சம் இடைவெளி விட்டுத் திரும்பவும் போட்டார்கள். அதே கதைதான்.

நாத்தனார் முகம் செத்துப்போயிற்று. “அம்மா செத்திருக்கணும். இல்லன்னா வேற எங்கயோ இருந்து யாரோ கொண்டுவந்து போட்டிருக்கணும்” என்றாள். வளர்ப்புக் குட்டியாகக் கூண்டிலேயே வாழ்ந்துவிட்டுப் போகும் குரங்குகளை அவளுக்குத் தெரியும். அதற்குமேல் அவள் பேசவில்லை. வாய் மூடாதவள் மூடினால் வண்டியே கனத்துவிடுகிறது.

மருத்துவமனைக்குத் திரும்பியதும் டீ போடச் சொல்லிவிட்டு, ஜீப்பிலிருந்து எடுத்த வீடியோவை நாத்தனார் கம்ப்யூட்டரில் ஓடவிட்டாள். விசில் பக்கத்து அறையில் பழைய துண்டு ஒன்றைக் கட்டிப்பிடித்தபடி தூங்கிக்கொண்டிருந்தது. அண்ணி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடியே பார்த்தாள். இரண்டாவது கூட்டம். அலறல். தலைகள் திரும்புகின்றன.

“நிறுத்து. கொஞ்சம் பின்னாடி போ.”

“என்ன அண்ணி?”

“நீ யார் வர்றான்னே பார்த்துக்கிட்டிருக்க. யார் எங்க பாக்குறாங்கன்னு பாரு.”

பெண் குரங்குகள் முதலில் புதரைப் பார்த்தன. அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகத் தலையைத் திருப்பின. மோட்டார் அறையின் கைப்பிடிச் சுவரில், முதுகைக் காட்டிக்கொண்டு ஏதோ கொட்டையை உரித்துக்கொண்டிருந்த ஒருத்தியைப் பார்த்தன. ஒன்று பார்த்தது, அடுத்தது பார்த்தது, குட்டியை மார்பில் சுமந்த இன்னொன்று எட்டிப் பார்த்தது. இரண்டாவது முறை போட்டபோதும் அப்படியே: புதரை ஒரு பார்வை, அவளை ஒரு பார்வை. அடுத்த வீட்டுக் குழந்தை தெருவில் அழுதால் நாம் அந்த வீட்டு வாசலைப் பார்ப்பதில்லையா, அதேபோல.

நாத்தனார் நெற்றியில் பட்டென்று அடித்துக்கொண்டாள். “படிச்சிருக்கேன் அண்ணி! அழுற குரலைக் கேட்டா, மத்த பொம்பளைங்க பெத்தவளைத் திரும்பிப் பாக்கும்னு படிச்சிருக்கேன். பரீட்சைக்குப் படிச்சேன், பரீட்சையோட விட்டுட்டேன்!”

எந்தக் குரல் யாருடையது என்பது மட்டுமல்ல, அந்தக் குரலுக்கு உரியவள் யார் என்பதும் அந்தச் சின்ன மண்டைகளுக்குள் இருக்கிறது. எத்தனையோ நாளாகக் காணாமல் போயிருந்த பிள்ளையின் குரலைக் கேட்டு, ஒரு நொடி தயங்காமல், அதன் அம்மா உட்கார்ந்திருக்கும் இடத்தைப் பார்க்கின்றன. அண்ணி டீயை வைத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தாள். திரும்பத் திரும்பப் பார்த்தாள்.

“ஆனா அந்த மகராசி திரும்பவே இல்லையே!” என்றார் வாசலில் நின்ற டிரைவர். “நல்லாக் கண்டுக்காதவளா இருக்கா. பெத்த பிள்ளை கத்துறப்போ கொட்டை உரிக்கிறா பாருங்க.”

“சில நேரம் கைவிட்டுடும்” என்றாள் நாத்தனார் மெதுவாக. “காயம்பட்ட குட்டி பிழைக்காதுன்னு…”

அண்ணி அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் அவளுக்குத் தெரிந்த ஏதோ இருந்தது. வேண்டாமென்று இருப்பவளுக்கும் காது அசையும், தோள் ஒரு நூல் இறுகும். கேட்டும் கேட்காத மாதிரி இருப்பது பெரிய வேலை, உடம்பு காட்டிக்கொடுத்துவிடும். அந்த முதுகு எதையும் மறைக்கவில்லை. அது நிம்மதியாக இருந்தது.

“அவ கைவிடல. அவளுக்குக் காது கேக்கல” என்றாள்.

நாத்தனார் நம்பத்தான் ஆசைப்பட்டாள், ஆனால் டாக்டராயிற்றே. “காட்டுல காது கேக்காத குரங்கு பிழைக்குமா அண்ணி? சிறுத்தை வந்தா?”

“பாத்துடலாம்.”

மறுநாள் காலையே போனார்கள். கண்டுக்காதவள் அதே கைப்பிடிச் சுவரில், கூட்டத்துக்கு முதுகைக் காட்டி உட்காரும் வரை ஜீப்புக்குள் காத்திருந்தார்கள். பிறகு அண்ணி தலையசைக்க, டிரைவர் ஜாக்கிக் கம்பியை ஒரு தகரத்தின் மேல் டமாரென்று போட்டார். இடி விழுந்த மாதிரி சத்தம். கூட்டம் மொத்தமும் ஒரே தாவலில் மரத்துக்கு மேலே. அவள் மட்டும் வெயில் காய்ந்துகொண்டிருந்தாள். கையில் இருந்ததைக் கடித்தாள், தோலைத் துப்பினாள். அதற்குப் பிறகுதான், வழக்கம்போலத் தலையைத் திருப்பிக் கூட்டத்தைப் பார்க்கிறவள்போலத் திரும்பினாள். ஒருவரையும் காணோம். மேலே பார்த்தாள், அத்தனை முகத்திலும் பீதி. அடுத்த கணம் அவளும் மரத்தில் இருந்தாள்.

அண்ணி வாய்விட்டே சொன்னாள்: “இத்தனை நாளும் இப்படித்தான் பிழைச்சிருக்கா. மத்தவங்க முகத்தைப் பாத்துப் பாத்து.”

கவனித்தால் தெரிந்தது. அவள் ஒரு வாய் தின்பாள், சுற்றியிருக்கும் முகங்களை ஒரு சுற்றுப் பார்ப்பாள். திரும்ப ஒரு வாய், திரும்ப ஒரு சுற்று. முதுகைக் காட்டி உட்கார்ந்தால்கூட அதிக நேரம் அப்படி இருப்பதில்லை. குட்டி எப்படித் தொலைந்தது என்பதும் இப்போது புரிந்தது. சாலையைக் கடக்கும்போதோ, கால்வாயைத் தாண்டும்போதோ பிடி நழுவி விழுந்திருக்கும். கத்தியிருக்கும், கூட்டமே கேட்டிருக்கும். கேட்க வேண்டியவளுக்கு மட்டும் கேட்டிருக்காது.

ஆஸ்பத்திரியில் இந்த மாதிரி ஒரு முடிவு தெரிந்தால் அண்ணி கதவைச் சாத்திவிட்டு, தண்ணீர் கொடுத்து, நிதானமாகப் பேச ஆரம்பிப்பாள். இங்கே யாரிடம் பேசுவது? மரத்தின் மேலே இருந்தவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பயம் எங்கே போயிற்று என்று அவளுக்கே தெரியவில்லை.

விசிலுக்குக் காய்ச்சல் முற்றிலும் விட்டதும் நாத்தனார் அதைக் கூடையில் வைத்துத் துணி போட்டு மூடி எடுத்துவந்தாள். மோட்டார் அறைக்கு எதிரில் ஒரு வெட்டவெளி. கூடையை அங்கே வைத்து, துணியை விலக்கி, மூடியைத் திறந்துவிட்டு ஜீப்புக்கு ஓடிவந்தாள். விசில் எட்டிப் பார்த்தது. திறந்த வானத்தைப் பார்த்ததும் தன் பெயரைக் காப்பாற்றுகிற மாதிரி ஒரு வீறல்.

கூட்டம் நிமிர்ந்தது. குட்டியை ஒரு பார்வை. பிறகு அவளை. கிளையில் உட்கார்ந்து இலை தின்றுகொண்டிருந்தவள் வழக்கமான சுற்றுப் பார்வைக்குத் தலையைத் தூக்கினாள். தூக்கினால், கூட்டமே அவளை முறைத்துக்கொண்டிருக்கிறது.

“அய்யோ” என்றாள் நாத்தனார். “உத்துப் பாத்தா அதுங்களுக்குச் சண்டைக்கு வர்றதா அர்த்தம் அண்ணி!”

கிளையில் இருந்தவள் நடுங்கிப்போனாள். பல்லை இளித்து, தலையைத் தாழ்த்தி, நான் எதுவும் செய்யவில்லை என்கிற மாதிரி பின்வாங்கினாள். அடுத்த கிளைக்கு, அதற்கடுத்த கிளைக்கு. அங்கிருந்து காட்டுக்குள் போய்விட்டால் முடிந்தது. குட்டி இன்னொரு தடவை கத்தினால் எல்லா முகமும் திரும்பக் குட்டி பக்கம் போகும், அவளும் பார்ப்பாள். ஆனால் விசில் கத்தவில்லை. அத்தனை குரங்குகளையும் ஒரேயடியாகப் பார்த்த மிரட்சியில் வாயடைத்து, கூடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கல்லாய் நின்றது.

“கத்துடா… கத்தித் தொலையேன்!” என்றார் டிரைவர்.

அண்ணி ஜீப் கதவைத் திறந்தாள்.

“அண்ணி, எங்க போறீங்க?”

எதற்கும் இருக்கட்டும் என்று ஜீப்பில் கொண்டுவந்திருந்த ஸ்பீக்கரை மார்போடு அணைத்துக்கொண்டு வெட்டவெளியில் ஓடினாள். புடவை முள்ளில் மாட்டிக் கிழிந்தது, நிற்கவில்லை. ஒரு ஆண் குரங்கு பல்லைக் காட்டி உறுமியது, அதையும் பார்க்கவில்லை. கூடைக்குப் பக்கத்தில், கூடையோடு ஒட்டினாற்போல ஸ்பீக்கரை வைத்தாள், அதன் மேலிருந்த பொத்தானை அழுத்தினாள், வந்த வேகத்திலேயே திரும்பி ஓடினாள்.

பதிவு செய்த அலறல் எழுந்தது. கூட்டத்தின் முகங்கள் எல்லாம் ஒரே இழுப்பில் கூடைப் பக்கம் திரும்பின. காட்டின் ஓரத்துக் கிளையில் இருந்தவள் கடைசியாக ஒருமுறை பின்னால் பார்த்தாள், யாராவது துரத்துகிறார்களா என்று. யாரும் அவளைப் பார்க்கவில்லை. எல்லோரும் எங்கேயோ பார்க்கிறார்கள். அவள் பார்வை ஒரு முகத்திலிருந்து அடுத்த முகத்துக்குப் போயிற்று. அந்த முகங்கள் பார்க்கும் இடத்துக்குப் போயிற்று.

அதற்குப் பிறகு நடந்ததை யாராலும் சரியாகச் சொல்ல முடியவில்லை. அவ்வளவு வேகம். கிளையில் இருந்தவள் தரையில் இருந்தாள், தரையில் இருந்தவள் கூடையில் இருந்தாள். விசிலைக் காணோம், அவள் வயிற்றோடு வயிறாக ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் அதன் தலையை, காதை, காயம் ஆறிய காலை மாறி மாறி முகர்ந்தாள். பக்கத்தில் ஸ்பீக்கர் இன்னும் அலறிக்கொண்டிருந்தது. விசில் தன் குரலையே கேட்டுத் திகைத்துப்போய் அந்தப் பெட்டியைப் பார்த்தது. அவள் அதைச் சட்டை செய்யவே இல்லை.

ஜீப்பில் நாத்தனார் மூக்கை உறிஞ்சினாள். “தூசி” என்றாள்.

“ஆமா, ரொம்பத் தூசி” என்றாள் அண்ணி. அவள் கண்ணாடியும் மங்கிப்போயிருந்தது.

வீட்டில் புருஷன் நம்பவில்லை. “நீ? குரங்குக் கூட்டத்துக்கு நடுவுல? ஓடினியா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தான். கிழிந்த புடவையைக் காட்டிய பிறகுதான் வாயை மூடினான். அதற்குப்பின் விருந்தாளிகளிடம் சொல்ல அவனுக்குப் புதுக் கதை கிடைத்தது; சொல்லும்போது குரங்குகளின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போனான்.

மழைக்காலம் முடிந்த பிறகு ஒரு நாள் நாத்தனார் போன் செய்தாள். இந்தத் தடவை ஸ்பீக்கர் கேட்கவில்லை. “சும்மா வாங்க அண்ணி, ஒண்ணு காட்டணும்” என்றாள். அண்ணி உடனே கிளம்பினாள், நிபந்தனை எதுவும் போடவில்லை.

விசில் வளர்ந்திருந்தது. தாயைச் சுற்றி மற்ற குட்டிகளோடு ஓடி விளையாடிக்கொண்டிருந்தது. மற்ற குட்டிகளுக்குப் பசித்தால் நின்ற இடத்திலிருந்தே முனகின, அவற்றின் அம்மாக்கள் திரும்பினார்கள். விசிலுக்கும் பசித்திருக்க வேண்டும். அது சத்தமே போடவில்லை. தாயின் முதுகுப் பக்கமிருந்து சுற்றிக்கொண்டு முன்னால் வந்தது. பின்னங்காலில் எழுந்து நின்று, இரண்டு கையாலும் அவள் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பியது. அவள் பார்த்ததும், ஓசை எதுவும் இல்லாமல், வாயை மட்டும் அகலத் திறந்து காட்டியது.

“யார் சொல்லிக் கொடுத்திருப்பா இதுக்கு?” என்றாள் நாத்தனார்.

அண்ணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, இன்னும் கொஞ்சம் கிட்டே போய் உட்கார்ந்தாள்.